மலைக்கோட்டை உச்சியிலிருந்து தெரியும் காவிரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சிக்கு வரும் உறவுக்காரர்களை மலைக்கோட்டைக்கு அழைத்துப்போவது எங்கள் வீட்டில் என் வேலை. ஏறும்போது யாரும் பேசமாட்டார்கள், மூச்சு வாங்கும். உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வெளியே காற்றில் வந்து நின்றதும் கேள்விகள் ஆரம்பிக்கும். வருஷக்கணக்காக ஒரே மாதிரிக் கேள்விகள்தான். அவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

வடக்கே. காலடியில் வீதிகளின் நெரிசலும் மொட்டைமாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும். அதைத் தாண்டி ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் காவிரி, மேற்கிலிருந்து கிழக்காக. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தென்னையும் வீடுகளும் கலந்த தீவு. நேர் எதிரே ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம், கொஞ்சம் வலப்பக்கம் திருவானைக்காவல் கோபுரங்கள். தீவுக்குப் பின்னால் வெளுப்பாக ஒரு கோடு தெரிந்தால் அது காவிரியிலிருந்து பிரிந்த கொள்ளிடம் ஆறு. புதிதாக வருகிறவர்கள் பலர் அதைச் சாலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வருஷத்தில் பாதி நாள் அது மணல்தான் என்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பாறை சுமார் 83 மீட்டர் உயரம். சுற்றிலும் தட்டையான நிலம். அதனால்தான் இவ்வளவு சின்ன மலையிலிருந்து இவ்வளவு தூரம் தெரிகிறது.

இந்தக் காட்சியைப் பற்றி முதலில் எழுதிவைத்தவர் யார்?

எனக்குப் பிடித்த கேள்வி இது. பதில் மலையிலேயே இருக்கிறது. உச்சிக்குப் போகும் வழியில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த ஒரு குகைக்கோயில் உண்டு. லலிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்று பெயர், காலம் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மேலே ஏறும் அவசரத்தில் பலர் அதைக் கவனிக்காமலே தாண்டிவிடுவார்கள். உள்ளே மேற்குச் சுவரில் கங்காதரர் சிற்பம்: விரித்த சடையின் ஓர் இழையில் கங்கையைத் தாங்கி நிற்கும் சிவன். அந்தச் சிற்பத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள தூண்களில் கிரந்த எழுத்தில் வடமொழிச் சுலோகங்கள்.

ஒரு சுலோகத்தின் பொருள் ஏறத்தாழ இப்படி வரும். ஆறுகள் என்றால் சிவனுக்கு ஆசை. கண்ணுக்கு இனிய நீரும் தோட்டங்களை மாலையாக அணிந்த அழகும் கொண்ட காவிரியைப் பார்த்தால் அவள்மேலும் ஆசை வைத்துவிடுவானோ என்று மலைமகளுக்குப் பயம். அதனால் பிறந்த வீட்டை விட்டு இந்த மலையிலேயே வந்து தங்கிவிட்டாள். 'இந்த ஆறு பல்லவனின் காதலி' என்று சிவனுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறாள். இன்னொரு சுலோகத்தில் சிவனே கேட்கிறான்: பூமியில் ஒரு கோயிலில் நின்றுகொண்டு சோழரின் பெரும் வளத்தையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது? அதற்காகத்தான் மேகத்தைத் தொடும் இந்த மலைக்கோயிலை அரசன் அமைத்துக் கொடுத்தானாம்.

அதாவது, இந்தக் கோயிலைக் கட்ட அரசன் சொல்லும் காரணமே காட்சிதான். 1,400 வருஷத்துக்கு முன்பு ஒருவன் 'இங்கே நின்றால் ஆறு நன்றாகத் தெரியும்' என்று கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். சோழ நாட்டின் ஆற்றைப் பல்லவனின் காதலி என்று சொல்லிக்கொள்வதில் உள்ள அரசியல் வேறு கதை.

ஒரு வேடிக்கை. அந்தக் குகை தெற்குப் பார்த்தது. காவிரியோ வடக்கே. சிவனுக்குக் காட்டுவதாகச் சொன்ன ஆறு அவருடைய பாறைக்கு அந்தப்புறம் இருக்கிறது. நாமாவது நாலு படி ஏறி வெளியே வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அவனுக்கும் முன்னால் இங்கே யாரும் இல்லையா?

இருந்தார்கள். உச்சிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்புறம் பாறையில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் உள்ளன. பல்லவனுக்கு முந்தியவை. ஆனால் அவர்கள் காட்சியைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

மகேந்திரவர்மன் பார்த்த காவிரி எப்படி இருந்திருக்கும்?

அணைகள் கட்டுப்படுத்தாத ஆறு. குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் இங்கே ஆடியில் செந்நீர் பொங்கிவரும். மழை குறைந்தால் ஆறும் குறையும். கோடையில் மணல் நடுவே ஓடையாகச் சுருங்கும். யார் அனுமதியும் தேவையில்லாமல் நிறைந்து, யார் உத்தரவும் இல்லாமல் வற்றிய ஆறு.

கரைகள் எப்படி இருந்தன என்பதற்குப் பெயர்களே சாட்சி. அரங்கம் என்றால் ஆற்றிடைக்குறை, ஆறு இரண்டாகப் பிரிந்து ஓட நடுவில் நிற்கும் திட்டு. ஆனைக்கா என்பதில் உள்ள 'கா' சோலை. வெண்ணாவல் மரத்தடியில் சிவன் இருக்கும் சோலை அது. கல்வெட்டு சொல்லும் 'தோட்டங்களின் மாலை' வெறும் கவிதை அலங்காரம் இல்லை என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். இன்று அந்த மாலையில் பாதிப் பூ அடுக்குமாடிக் குடியிருப்பு. மிச்சம் இருக்கும் தென்னந்தோப்புகளை மேலே நின்று பார்த்தால் பழையதைக் கொஞ்சம் ஊகிக்கலாம்.

பாலம் கிடையாது, ஓடம்தான். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்குப் போகும் வழியில் அரங்கத்துப் பக்கம் காவிரியைப் படகில் கடந்து தென்கரை சேர்ந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அங்கிருந்து அடுத்த இடம் உறையூர், இந்த மலைக்கு மேற்கே. அவர்கள் திரும்பிப் பார்த்திருந்தால் இந்தப் பாறை கண்ணில் பட்டிருக்கும். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓடத்துறை என்ற பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஓடம் போய் எவ்வளவோ காலம் ஆயிற்று, பெயர் மட்டும் கரையில் கட்டிக் கிடக்கிறது.

தாயுமானவர் கதைக்கும் ஆற்றுக்கும் என்ன தொடர்பு?

ஆறு இல்லாவிட்டால் அந்தக் கதையே இல்லை. இரத்தினாவதி என்ற பெண் இங்கே பேறுகாலத்தில் இருக்கிறாள். பூம்புகாரிலிருந்து அம்மா வர வேண்டும். காவிரியில் வெள்ளம், அம்மா அக்கரையிலேயே மாட்டிக்கொண்டாள். அம்மா உருவத்தில் சிவனே வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மையான அம்மா வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. மலையின் நடுவில் இருக்கும் பெரிய சிவன் கோயிலுக்குத் தாயுமானவர் என்ற பெயர் இப்படி வந்தது.

சாமி கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு கர்ப்பிணியின் வீட்டுக்கு அவள் அம்மா போய்ச் சேரமுடியாத அளவுக்கு, அதுவும் நாள்கணக்கில், இந்த ஆறு வழியை அடைக்கும் என்பது கேட்டவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. இன்று சத்திரத்தில் பஸ் ஏறினால் கால்மணி நேரத்தில் அக்கரை.

மலைக்கோட்டை என்கிறார்கள், கோட்டை எங்கே?

இல்லை. குழந்தைகள் ரொம்ப ஏமாந்துபோவது இந்தப் பதிலில்தான்.

16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் இங்கே கோட்டையை வலுப்படுத்தி, தெப்பக்குளத்தை வெட்டி, காவிரியின் இரு கரைகளிலும் திருடர்கள் பதுங்கியிருந்த காட்டை அழித்தார் என்பது நாயக்கர் வரலாற்றில் வழக்கமாகச் சொல்லப்படுவது. 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர்களின் தலைநகரமும் சில காலம் இங்கேயே இருந்தது. அப்போது மேலிருந்து பார்த்தவர்களுக்கு முதலில் தெரிந்தது இரட்டை மதிலும் அகழியும்தான். ஊர் அதற்குள் அடங்கியிருந்தது. மதிலுக்கு அந்தப்பக்கம் வயல், அப்புறம் ஆறு.

19ஆம் நூற்றாண்டில் படைகளுக்கு அந்த மதில் தேவைப்படாமல் போனது. 1866இல் நகராட்சி வந்தது. மதிலை இடித்தார்கள், அகழியைத் தூர்த்தார்கள், அதன்மேல் சாலை போட்டார்கள். மிஞ்சியது மெயின் கார்டு கேட் என்று நாம் சொல்லும் அந்த ஒரு வாசல். அதற்குப் பக்கத்தில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பிய லூர்து அன்னை ஆலயத்தின் ஊசிக் கோபுரம் மேலிருந்து நன்றாகத் தெரியும். கோட்டை வாசலைத்தான் கடைப் பலகைகளுக்கு நடுவில் தேடிப் பிடிக்க வேண்டும்.

இங்கே பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் சண்டை போட்டார்களாமே?

ஆமாம், அதுவும் இந்த ஆற்றை நடுவில் வைத்துக்கொண்டு. 1751இலிருந்து 1754 வரை விட்டுவிட்டு நடந்த முற்றுகைகள். ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு முகம்மது அலியா சந்தா சாகிபா என்பது சண்டை. முகம்மது அலி கோட்டைக்குள், ஆங்கிலேயர் அவர் பக்கம். சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுப் படை துணை.

1752இல் பிரெஞ்சுப் படை பின்வாங்கிக் காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கோயில் மதில்களே அவர்களுக்குக் கோட்டை. இரண்டு பக்கமும் ஆறு இருப்பதால் பாதுகாப்பு என்று நினைத்திருப்பார்கள். ஆனால் ஆங்கிலப் படை அதிகாரி கிளைவ் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் போய் நின்று, வரும் உணவையும் துணைப்படையையும் மறித்துவிட்டார். பாதுகாப்பாக இருந்த தீவு பொறியாக மாறிவிட்டது. அந்த ஜூனில் பிரெஞ்சுத் தளபதி சரணடைந்தார், சந்தா சாகிப் கொல்லப்பட்டார்.

மலையுச்சியில் நின்று வடக்கே பார்த்தால் இது முழுவதும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும்: நீங்கள் நிற்கும் கோட்டை, நடுவில் காவிரி, எதிரி இருந்த தீவு, அதற்குப் பின்னால் கொள்ளிடம், கிளைவ் நின்ற கரை. வரைபடத்தில் நாலுதரம் படித்தும் எனக்குப் புரியாதது, இங்கே ஒரு பார்வையில் புரிந்தது.

பழைய ஓவியங்களோ புகைப்படங்களோ இருக்கின்றனவா?

இரண்டும் உண்டு. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்று சித்தப்பாவும் அண்ணன் மகனுமான இரண்டு ஆங்கில ஓவியர்கள் 1792இல் தென்னிந்தியாவில் சுற்றினார்கள். அவர்கள் காவிரியில் இருந்து இந்தப் பாறையைப் பார்த்து வரைந்த படம் 1798இல் லண்டனில் அச்சாகி வெளிவந்தது. நாம் மேலிருந்து ஆற்றைப் பார்க்கிறோம், அவர்கள் ஆற்றிலிருந்து மேலே பார்த்தார்கள். வரைவதற்கு கேமரா அப்ஸ்கியூரா என்ற கருவியைப் பயன்படுத்தியதால் அவர்களுடைய கட்டடங்களை ஓரளவு நம்பலாம். மரங்களும் மேகங்களும் எங்கே இருக்க வேண்டும் என்பதில் கொஞ்சம் ஐரோப்பிய ரசனை கலந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

1858இல் லின்னேயஸ் ட்ரைப் வந்தார், கேமராவுடன். சென்னை மாகாண அரசுக்காகப் படம் எடுத்த ராணுவ அதிகாரி. காகித நெகட்டிவில், நீண்ட நேரம் திறந்துவைத்து எடுத்த படங்கள். அசைகிற எதுவும் பதியாது என்பதால் மனித நடமாட்டம் ஏறக்குறைய துடைத்துவிட்ட திருச்சியை அவற்றில் பார்க்கலாம். இன்றைய என்.எஸ்.பி. சாலையில் நின்று பழகியவர்களுக்கு அது வேறு கிரகம் மாதிரி இருக்கும்.

சரி, இத்தனை நூற்றாண்டில் இந்தக் காட்சியை ரொம்ப மாற்றியது எது?

கட்டடங்கள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். என் பதில்: இங்கிருந்து கண்ணுக்கே தெரியாத இரண்டு அணைகள்.

முதலாவது முக்கொம்பு. மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம். கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவும் அதிகம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் வாய் மணல் மேடிட்டு, ஆற்று நீர் கொள்ளிடத்துக்கே அதிகமாக ஓடத் தொடங்கியது. அப்படியே விட்டிருந்தால் இந்தக் காட்சியில் பெரிய ஆறு தூரத்துக் கோடாகவும், பக்கத்தில் இருப்பது வாய்க்காலாகவும் ஆகியிருக்கும். தஞ்சாவூர் வயல்கள் காய ஆரம்பித்திருந்தன. 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். நீர் காவிரிப் பக்கம் திரும்பியது. ரொம்பவே திரும்பிவிட்டது என்று சில வருஷம் கழித்து அணையின் நடுப்பகுதியைக் கொஞ்சம் தாழ்த்தவும் வேண்டியிருந்தது. ஆக, மலைக்குப் பக்கத்தில் ஓடுவது இன்றும் 'பெரிய ஆறு' போலத் தெரிவதற்கு 1836 ஒரு காரணம்.

இரண்டாவது மேட்டூர். 1925இல் தொடங்கி 1934இல் முடித்தார்கள். முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி), நீர்மட்டம் 120 அடி. அதற்கு முன்பே கர்நாடகத்தில் கண்ணம்பாடி அணை எழும்பியிருந்தது. 1924 வெள்ளத்தில் காவிரிக்கரை ஊர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு மேட்டூர் ஒரு நிம்மதி. ஆனால் அதோடு ஆற்றின் நாட்காட்டி மாறியது. குடகில் மழை பெய்தது என்பதால் இங்கே ஆறு நிறைவதில்லை, மேட்டூரில் மதகைத் திறந்ததால் நிறைகிறது. வழக்கமான திறப்பு ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. இடையில் எவ்வளவு வரும் என்பது மேட்டூர் இருப்பையும், கர்நாடகம் விடுவதையும், கடைசியில் நீதிமன்றத்தையும் பொறுத்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்னது. நீங்கள் மலையுச்சியில் நின்று பார்க்கும் தண்ணீருக்கு அளவும் தேதியும் வேறெங்கோ எழுதப்படுகின்றன.

பெரிய வெள்ளம் வந்தாலும் முக்கொம்பில் அதிகப்படி நீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவார்கள். அதனால் உண்மையான வெள்ளத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் காவிரியைத் தாண்டிப் பின்னால் கோடாகத் தெரியும் கொள்ளிடத்தைப் பாருங்கள். அது அகலமாகி மினுமினுத்தால் மேட்டூர் நிரம்பி வழிகிறது என்று அர்த்தம்.

ராஜகோபுரம் எவ்வளவு பழையது?

கேட்டவர்களின் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டே இதற்குப் பதில் சொல்வேன்: 1987.

அடித்தளம் பழையது, விஜயநகர–நாயக்கர் காலத்தில் தொடங்கியது. கல்ஹாரம் என்கிற கல்லாலான அடிநிலையோடு நின்றுபோய், சுமார் 400 வருஷம் மொட்டைக் கோபுரமாகவே கிடந்தது. ஊரில் பெரியவர்கள் இன்னும் பேச்சுவாக்கில் 'மொட்டைக் கோபுரம்' என்பதுண்டு. அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் ஜீயர் 1979இல் பணியைக் கையில் எடுத்து, 1987 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. 13 நிலை, 236 அடி, மீட்டரில் 72. நீங்கள் நிற்கும் பாறையைவிட 11 மீட்டர்தான் குறைவு. அதனால்தான் மேலிருந்து பார்க்கும்போது அது கீழே இருப்பது போலவே தோன்றாது, கிட்டத்தட்டக் கண்மட்டத்தில் நின்று நம்மைப் பார்க்கும்.

டேனியல்களோ ட்ரைப்போ பார்த்த ஸ்ரீரங்கத்தில் இது கிடையாது. அப்போது தென்னைகளுக்கு மேலே உள்கோபுரங்கள் தலைகாட்டியிருக்கும், கிழக்கே வெள்ளைக் கோபுரமும். காட்சியின் நடுநாயகமாக நாம் நினைப்பது காட்சியிலேயே புதிய ஆள்களில் ஒருவர். என் அப்பா தலைமுறைக்கு அது ஏறி முடிந்ததைப் பார்த்த ஞாபகம் உண்டு.

ரங்கநாதர் தெற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருப்பது இலங்கையில் உள்ள விபீஷணனுக்காக என்பார்கள். விபீஷணன் கொண்டுபோன சிலையைக் காவிரிக்கரையில் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து இந்த மலையில் ஏறிக்கொண்டவர்தான் உச்சிப் பிள்ளையார். அந்தக் கணக்கில் அவர் பார்த்துக்கொண்டிருப்பதும் இதே காட்சியைத்தான், வைத்துவிட்டு வந்தது பத்திரமாக இருக்கிறதா என்று.

பாலங்கள்?

இப்போதுள்ள காவிரிப் பாலம் 1976இல் வந்தது, அதற்கு முன்பு அங்கே பழைய பாலம் ஒன்று இருந்தது. 2022 கடைசியில் பழுது பார்க்க மூடி, 2023இல் திறந்தார்கள். அந்த மாதங்களில் மேலிருந்து பார்த்தால் வண்டியே இல்லாத பாலம், கீழே வழக்கம்போல ஆறு. விநோதமாக இருந்தது. ரயில் பாலம் 1920களின் இறுதியில் விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் போட்டபோது சேர்ந்தது. ரயில் அதன்மேல் போகும்போது சத்தம் மலைவரை வருமா என்று கேட்ட ஒரு பையனுக்காகக் காத்திருந்து பார்த்தோம். கீழே கடைத்தெருவின் ஹாரன் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

2018இல் பாலம் இடிந்ததே, அது எது?

கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம், 1928இல் கட்டியது. பக்கத்தில் புதிய பாலம் வந்துவிட்டதால் அப்போது வண்டிகள் ஓடவில்லை. 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்தபோது தூண்கள் சரிந்து ஒரு பகுதி ஆற்றோடு போனது. அடுத்த சில நாளில், ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பில் மேலணையின் 45 மதகுகளில் 9 உடைந்தன. காட்டன் கட்டிய இடம். அதன்பிறகு அங்கே புதிய கதவணை கட்டினார்கள்.

வயதான கட்டுமானம், தாங்கமுடியாத வெள்ளம் என்றது ஒரு தரப்பு. வருஷக்கணக்காக மணல் அள்ளியதால் படுகை இறங்கி அடித்தளம் வெளியே வந்துவிட்டது என்றார்கள் விவசாயிகள். கரையில் வளர்ந்தவர்களிடம் கேட்டால் 'முன்பு மணல் இந்த மட்டத்தில் இருந்தது' என்று தூணில் கையை வைத்துக் காட்டுவார்கள். அந்தக் கை இருக்கும் உயரத்தைப் பார்த்தபிறகு நான் விவசாயிகள் பக்கம்.

ஆற்றுக்குள் பச்சையாகத் தெரிவது என்ன? நடுவில் வட்டமான தூண்கள்?

பச்சை என்பது நாணலும் சீமைக்கருவேலமும். தண்ணீர் இல்லாத மாதங்களில் மணலில் வேர்விட்டுவிடுகின்றன. மேலிருந்து பார்க்க அழகாகத் தீவுகள் மாதிரி இருக்கும், கிட்டே போனால் முள்.

வட்டமானவை குடிநீர்க் கிணறுகள். படுகை மணலுக்குள் ஊறும் நீரைச் சேகரித்து ஊருக்கு அனுப்புகிறார்கள். மேலே தண்ணீர் ஓடாத நாளிலும் திருச்சி குடிப்பது இந்த ஆற்றைத்தான். படம் எடுக்கிறவர்கள் அவற்றைச் சட்டத்துக்கு வெளியே தள்ளப் பார்க்கிறார்கள். எனக்கு அவை இருப்பது பிடிக்கும்.

ஆடிப்பெருக்கு அன்று மேலே போகலாமா?

போகலாம், ஆனால் அன்றைக்குக் கீழேதான் விசேஷம். ஸ்ரீரங்கத்துக் காவிரிக்கரையில் உள்ள அம்மா மண்டபம் படித்துறையில் காப்பரிசி, காதோலை கருகமணி, புது மஞ்சள் கயிறு என்று கூட்டம் நெரியும். மேலிருந்து பார்த்தால் கரையோரம் வண்ணப் புள்ளிகள். ஆடியில் ஸ்ரீரங்கத்து உற்சவர் நம்பெருமாளும் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, காவிரித் தாயாருக்குச் சேலையும் மாலையும் சீராகக் கொடுப்பார். பல்லவன் காதலி என்று சொல்லிக்கொண்ட ஆற்றுக்குச் சீர் அனுப்புவது கடைசியில் அரங்கன்.

மேட்டூர் திறக்காத வறண்ட ஆண்டுகளில் படித்துறையில் குழாய் போட்டு ஷவர் வைத்தார்கள். மக்கள் அதில் நின்று தலை நனைத்துக்கொண்டு, மணலில் ஊற்றுத் தோண்டிப் பூஜை செய்துவிட்டு வந்தார்கள். அந்த ஆண்டுகளில் ஒருமுறை மேலே நின்றபோது பக்கத்தில் இருந்த பாட்டி வெறும் மணலைப் பார்த்துக் கைகூப்பிக் கும்பிட்டார்.

கல்லணை தெரியுமா?

தெரியாது. கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர், தட்டையான கட்டுமானம். 'அதோ கல்லணை' என்று யாராவது கைகாட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

தண்ணீரோடு பார்க்க வேண்டுமானால் ஜூலை முதல் டிசம்பர் வரை, வருவதற்கு முன்னால் செய்தியில் மேட்டூர் நிலவரத்தைப் பார்த்துவிட்டு. திறந்துவிட்ட தண்ணீர் இங்கே வந்துசேர இரண்டு மூன்று நாளாகும். ஏப்ரல், மே என்றால் மணல்தான். அதுவும் ஒரு காட்சி, ஆற்றின் எலும்பு தெரியும்.

நேரம்? நானூற்றுச் சொச்சம் படி, உச்சியில் பாறை சுடும், காலில் செருப்பு இருக்காது. மதியம் வேண்டாம். காலையில் பார்வை தெளிவாக இருக்கும், கொள்ளிடம் வரை. மாலையில் சூரியன் மேற்கே, ஆறு வரும் திசையில் இறங்கும். தண்ணீர் இருக்கும் நாளில் குடமுருட்டிப் பக்கத்திலிருந்து பாலம் வரை ஆறு முழுக்கச் செம்பு நிறமாகும். ஒரே ஒருமுறைதான் வரமுடியும் என்றால் மாலை.

கீழே இருந்து மலையைப் பார்க்க எங்கே நிற்க வேண்டும்?

அம்மா மண்டபம் படித்துறை, கடைசிப் படி. அல்லது காவிரிப் பாலத்து நடைபாதை, கிழக்குப் பக்கம். டேனியல்கள் பார்த்த கோணத்துக்கு இவைதான் கிட்டத்தட்ட ஒத்துவரும். தெற்கே ஊர்க் கட்டடங்களுக்கு மேலே பாறை எழும்பி நிற்கும், உச்சியில் சின்னதாகப் பிள்ளையார் கோயில். பாலத்தில் நிற்பதானால் சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்பே போய்விடுங்கள். அப்புறம் டவுன் பஸ் எல்லாம் ஒரே நேரத்தில் வரும், பாலம் அதிர்வது காலில் தெரியும்.